ஸ்கேன் அறையில் டெக்னீஷியன் வேலைக்குச் சேர்கிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

ரேடியாலஜி டெக்னீஷியன் படிப்பை முடித்து எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. எல்லாவற்றிலும் ஒரு சுற்று வந்தவர்களிடம் "அடுத்த வாரத்திலிருந்து யு.எஸ்.ஜி. (அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) ரூமுக்குப் போ" என்று இன்சார்ஜ் சொன்னால் நிறைய பேருக்கு முகம் சுருங்கிவிடும். அங்கே டாக்டர்தானே ஸ்கேன் எடுக்கிறார், நமக்கு என்ன வேலை, ஜெல் எடுத்துக் கொடுத்து டிஷ்யூ பேப்பர் நீட்டுவதுதானே என்று நினைப்பார்கள். அப்படி நினைத்துக்கொண்டு போனால் வேலையும் அப்படியேதான் அமையும். ஸ்கேன் தெளிவாக வருமா, டாக்டர் சந்தேகமில்லாமல் ரிப்போர்ட் எழுத முடியுமா என்பதில் பெரும்பகுதி, ப்ரோப் (உடம்பின் மேல் வைத்துப் படம் எடுக்கும் கைக்கருவி) வயிற்றில் படுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அந்த முன்பகுதி முழுக்க உங்கள் பொறுப்பு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சட்டம் முதலில்

இந்தியாவில் கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்க டெக்னீஷியனுக்கு அனுமதி கிடையாது. அதற்கான தகுதியும் பதிவும் உள்ள டாக்டர்தான் எடுக்க வேண்டும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிவதைத் தடுக்கும் பி.சி.பி.என்.டி.டி. சட்டம் 1994-ல் வந்தது, 1996 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது, 2003-ல் இன்னும் இறுக்கமாகத் திருத்தப்பட்டது. மற்ற ஸ்கேன்களையும் நம் ஊரில் நடைமுறையில் ரேடியாலஜிஸ்ட்தான் எடுக்கிறார். இதயத்துக்கு எடுக்கும் எக்கோ மட்டும் வேறு கதை, பல ஆஸ்பத்திரிகளில் எக்கோ டெக்னீஷியனே படம் எடுத்து அளந்து வைக்க, கார்டியாலஜிஸ்ட் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். எனவே "டாக்டர் லீவு, அவசரம், நீயே ஒரு தடவை ப்ரோப் வைத்துப் பார்த்துவிடு" என்று யார் சொன்னாலும், அது கர்ப்பிணி என்றால், முடியாது என்று சொல்லிவிடுங்கள். வேலை போய்விடுமே என்று பயப்படாதீர்கள். மாட்டிக்கொண்டால் சொன்னவர் கூட வந்து நிற்கமாட்டார்.

இந்தச் சட்டத்தில் தினமும் உங்கள் கையில் புழங்கப்போவது ஃபார்ம் எஃப். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஒன்று. பெயர், வயது, முகவரி, ஏற்கெனவே உள்ள குழந்தைகள், கடைசி மாதவிலக்குத் தேதி, யார் அனுப்பினார்கள், எதற்காக ஸ்கேன், எல்லாம் இருக்கும். குழந்தை ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று அந்த அம்மா கையெழுத்துப் போட வேண்டும், அப்படிக் கண்டறியவும் இல்லை, சொல்லவும் இல்லை என்று டாக்டர் போட வேண்டும். ஏதோ விண்ணப்பப் படிவம் போல இதை அவசரமாக நிரப்பாதீர்கள். படிவத்தில் குறையோ தவறோ இருந்தாலே சட்டத்தை மீறியதாக எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது, அப்படி இல்லை என்று நிரூபிப்பது நம் பொறுப்பு. இந்த விதி கடுமையானது என்று டாக்டர்கள் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது, 2019-ல் நீதிமன்றம் விதி செல்லும் என்று சொல்லிவிட்டது. அதனால் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடாதீர்கள், பொருந்தாத இடத்தில் பொருந்தாது என்று எழுதுங்கள், "பிறகு நிரப்பிக்கொள்ளலாம்" என்று முன்கூட்டியே டாக்டரிடம் மொத்தமாகக் கையெழுத்து வாங்கி வைக்கிற பழக்கம் உங்கள் அறையில் இருந்தால் அதை முதல் வாரத்திலேயே நிறுத்தப் பாருங்கள். மாதாந்திர ரிப்போர்ட் அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் போயாக வேண்டும். பதிவேடுகளை 2 வருடம் வைத்திருக்க வேண்டும். மெஷினில் ஓடும் தேதியும் நேரமும் சரியா என்று காலையில் ஆன் செய்ததும் பாருங்கள், படத்தில் உள்ள நேரமும் படிவத்தில் உள்ள தேதியும் ஒத்துப்போகவில்லை என்றால் ஆய்வுக்கு வருபவர் முதலில் பிடிப்பது அதைத்தான். தமிழ்நாட்டில் பிக்மி எண்ணையும் (கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு தரும் எண்) மறக்காமல் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தக் கேள்வி. கர்ப்பிணி பெரும்பாலும் கேட்கமாட்டாள். வெளியே வராந்தாவில் மாமியாரோ பெரியம்மாவோ வந்து தோளைத் தொட்டு, "தம்பி, நீங்கதான் உள்ளேயே இருந்தீங்களே, சும்மா தலையை மட்டும் ஆட்டுங்க" என்பார்கள். சொல்லால் மட்டுமல்ல, சைகையால், வேறு எந்த வகையில் தெரிவித்தாலும் குற்றம்தான், முதல் தடவைக்கே 3 வருடம் வரை சிறை உண்டு. சிரித்து மழுப்ப வேண்டாம், சிரிப்பைக்கூட அவர்கள் ஏதாவது ஒன்றாக எடுத்துக்கொள்வார்கள். "அம்மா, அதைச் சொல்லக் கூடாது, போர்டுலயே போட்டிருக்கு பாருங்க. குழந்தை நல்லா இருக்கான்னு டாக்டர் சொல்வாங்க" என்று நேராகச் சொல்லிவிட்டு நகருங்கள். இந்தச் சட்டம் எதற்காக வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்தால் அந்த வார்த்தை தயக்கமில்லாமல் வரும். பிறக்கவிடாமல் செய்யப்பட்ட பெண் குழந்தைகள் எத்தனை என்ற கணக்கை ஊர் ஊராக ஆண்–பெண் விகிதத்தில் பார்த்த நாடு இது.

போர்ட்டபிள் மெஷின் விஷயமும் இதில்தான் வருகிறது. அதை ஐ.சி.யு.வுக்கும் வார்டுக்கும் தள்ளிக்கொண்டு போகலாம், பதிவு செய்த அதே வளாகத்துக்குள். "பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு ஒரு மணி நேரம்" என்று வண்டியில் ஏற்றினால் மெஷினுக்கே சீல் விழும்.

காபி மட்டும்தான் குடிச்சேன்

சரி, வேலைக்கு வருவோம். வயிறு முழுவதும் ஸ்கேன் என்றால் 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு. இதை எல்லோரும் சொல்லி அனுப்புகிறார்கள், காலையில் வருபவரிடம் கேட்டால் "எதுவும் சாப்பிடலைங்க" என்றுதான் சொல்வார். அதோடு விட்டுவிடாமல், "காலையில எழுந்ததும் என்ன குடிச்சீங்க?" என்று கேளுங்கள். "காபி மட்டும்தான்" என்று வரும். நம் ஊரில் காபி, டீ, ஹார்லிக்ஸ், பிஸ்கட் எதுவும் சாப்பாட்டுக் கணக்கில் சேராது. பாலில் உள்ள கொழுப்பு உள்ளே போனதும் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை வெளியே தள்ளிவிடும். சுருங்கிய பையின் சுவர் தடிமனாகத் தெரியும், உள்ளே சின்னக் கல் இருந்தால் மடிப்பில் மறைந்துகொள்ளும். சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் வீக்கம் என்று சந்தேகப்பட வேண்டிய இடத்தில், இது காபியாலா நோயாலா என்று டாக்டர் குழம்ப வேண்டியதாகிவிடும். அதனால் எந்த நேரத்தில் என்ன குடித்தார் என்று சீட்டிலேயே எழுதிவிடுங்கள். பித்தப்பைக்காக வந்தவர் என்றால் டாக்டரிடம் சொல்லி மத்தியானத்துக்கோ மறுநாளுக்கோ மாற்றுங்கள். சிறுநீரகக் கல்லுக்கு வந்தவர் என்றால் காபி குடித்ததற்காகத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. அவசர கேஸுக்கு இந்த விதி எதுவும் கிடையாது, வந்த நிலையிலேயே பார்த்தாக வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளை முதல் ஆளாக உள்ளே விடுங்கள். இன்சுலின் போட்டுவிட்டு வெறும் வயிற்றில் 11 மணி வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்து வியர்த்து மயங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். காலையில் டோக்கன் கொடுக்கும்போதே "சுகர் இருக்கா? ஊசி போட்டீங்களா?" என்று கேட்டு வரிசையை மாற்றுவது உங்கள் வேலை. டோக்கன் எண்ணைக் காட்டிச் சண்டை போடுபவர்களிடம் காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டிய ஸ்கேன்களில்தான் வரிசையை ஓட்டும் சாமர்த்தியம் தெரியும். கர்ப்பப்பை, சினைப்பை, புராஸ்டேட், ஆரம்ப கர்ப்பம் இதற்கெல்லாம் நிரம்பிய சிறுநீர்ப்பை ஒரு ஜன்னல் போல, அதன் வழியாகத்தான் பின்னால் இருப்பது தெரியும். ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்பு நாலைந்து டம்ளர் தண்ணீர், பிறகு பாத்ரூம் போகக் கூடாது. ஆனால் வந்த எல்லோரையும் காலை 8 மணிக்கே ஒரே நேரத்தில் தண்ணீர் குடிக்கச் சொன்னால் 9 மணிக்கு அத்தனை பேரும் கதவைத் தட்டுவார்கள், வயதான ஐயா ஒருவர் தாங்க முடியாமல் அழுகிற குரலில் கெஞ்சுவார். நாலைந்து பேராகப் பிரித்து, உள்ளே போகும் வேகத்தைப் பார்த்து, அடுத்த குழுவுக்குத் தண்ணீர் சொல்லுங்கள். முடியவே முடியவில்லை என்பவரை உடனே உள்ளே எடுங்கள். அளவுக்கு மீறி நிரம்பினாலும் படம் கெடும், கர்ப்பப்பை அழுந்திப்போகும், இரண்டு கிட்னியும் லேசாக வீங்கியது போலக் காட்டும். அப்போது கொஞ்சம் போய்விட்டு வரச் சொல்லி மறுபடி பார்ப்பார்கள். புராஸ்டேட் நோயாளியிடம், ஸ்கேன் முடிந்ததும் சிறுநீர் கழித்துவிட்டுத் திரும்ப வந்து ஒரு நிமிடம் படுக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவைக்காவிட்டால், மீதம் எவ்வளவு நிற்கிறது என்று அளப்பதற்கு ஆள் இருக்கமாட்டார், பஸ் ஏறிப் போயிருப்பார். சிறுநீர் டியூப் போட்ட வார்டு நோயாளிக்கு, டாக்டரின் அனுமதியோடு டியூபை முன்கூட்டியே கிளாம்ப் பண்ணச் சொல்லி வார்டு சிஸ்டருக்குப் போன் செய்யுங்கள், ஸ்கேன் முடிந்ததும் கிளாம்பைத் திறந்துவிட்டார்களா என்பதையும் நீங்களே பார்த்துவிடுங்கள். பிறப்புறுப்பு வழியாக ப்ரோப்பை வைத்து எடுக்கும் உள்வழி ஸ்கேன் என்றால் நேர் எதிர், சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும்.

படுக்கையில்

பெயர் கூப்பிட்டு வருபவரை அப்படியே படுக்க வைத்துவிடாதீர்கள். ஒரே காலையில் இரண்டு லட்சுமி, மூன்று முருகன் வருகிற ஊர் இது, அதிலும் காது மந்தமான ஒரு பாட்டி எந்தப் பெயர் கூப்பிட்டாலும் எழுந்து வந்துவிடுவார். "உங்க பேர் லட்சுமிதானே" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். "பேர் சொல்லுங்கம்மா, வயசு, வீட்டுக்காரர் பேர்" என்று அவர்களைச் சொல்ல வைத்து, ஓ.பி. எண்ணோடு ஒத்துப்பாருங்கள். எந்தப் பக்கம் வலிக்கிறது என்று கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள், சீட்டில் வலது என்று எழுதியிருந்து அவர் இடதைத் தொட்டால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

பெண்களுக்கு ஸ்கேன் நடக்கும்போது அறையில் ஒரு பெண் ஊழியர் இருப்பதை உறுதி செய்யுங்கள். புடவையை எங்கே தளர்த்த வேண்டும், சுடிதார் நாடாவை எவ்வளவு இறக்க வேண்டும் என்று வார்த்தையால் சொல்லி, பார்க்க வேண்டிய இடம் தவிர மீதியைத் துணியால் மூடி, உடையின் ஓரத்தில் டிஷ்யூவைச் செருகிவிட்டால் ஜெல் படியாது. தைராய்டு ஸ்கேனுக்குத் தோளுக்குக் கீழே தலையணை வைத்துக் கழுத்தை நிமிர்த்துங்கள். தாலிக்கொடியைக் கழற்றச் சொல்லவே வேண்டாம், பின்பக்கமாகத் தள்ளிவிட்டால் போதும், இந்த ஒரு விஷயத்தில் கடுமையாகப் பேசித்தான் நிறைய டெக்னீஷியன்கள் கெட்ட பெயர் வாங்குகிறார்கள். ஏ.சி. குளிரில் ஜெல் வயிற்றில் பட்டதும் நோயாளி துள்ளுவார், வயிறு இறுகிவிடும், எனவே வார்மர் இருந்தால் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் "கொஞ்சம் ஜில்லுனு இருக்கும்" என்றாவது சொல்லுங்கள்.

மாதம் ஏறிய கர்ப்பிணி மல்லாந்து படுத்திருக்கும்போது திடீரென்று பேச்சு நின்று, முகம் வெளுத்து, நெற்றியில் வியர்வை தெரிந்தால் ப்ரோப் எங்கே இருந்தாலும் ஸ்கேனை நிறுத்தச் சொல்லுங்கள். கர்ப்பப்பை பின்னால் உள்ள பெரிய சிரையை அழுத்துவதால் இதயத்துக்கு இரத்தம் திரும்புவது குறைகிறது. இடது பக்கமாகச் சாய்த்தால் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடுவார். டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார், முகத்தைப் பார்ப்பவர் நீங்கள்தான்.

நோயாளியின் கண் முழுக்க உங்கள் முகத்தில்தான் இருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். கருவில் துடிப்பு இல்லை என்று திரையில் தெரிந்த நொடியில் டாக்டரும் நீங்களும் பார்த்துக்கொள்கிற பார்வையை அந்தப் பெண் படித்துவிடுவாள். ரிசல்ட் எதையும் நீங்கள் சொல்லக் கூடாது, நல்ல செய்தியைக்கூட. ஆனால் சொல்லக் கூடாது என்பதற்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருப்பது சரியல்ல. வெளியே காத்திருப்பவர்களை நிறுத்திவையுங்கள், கூட வந்தவரை உள்ளே அழையுங்கள், அவள் எழுந்து உட்கார உதவி செய்யுங்கள், ஜெல்லை நீங்களே துடைத்துவிடுங்கள். அந்தப் பத்து நிமிடம் வரிசை தாமதமானால் ஆகட்டும்.

மெஷினும் ப்ரோப்பும்

வளைந்த முகம் கொண்ட கர்விலீனியர் ப்ரோப் வயிற்றுக்கு, ஏறக்குறைய 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ். நேரான லீனியர் ப்ரோப் தைராய்டு, மார்பகம், இரத்தக்குழாய், விரைக்கு, 7-க்கு மேல். அதிர்வெண் ஏற ஏறப் படம் கூர்மையாகும், ஆழம் குறையும். பருமனான உடம்பில் கூர்மையை விட்டுக்கொடுத்து ஆழத்தை வாங்க வேண்டியதுதான். டாக்டர் உட்காருவதற்குள் சரியான ப்ரோப், சரியான ப்ரீசெட் (பார்க்கும் உறுப்புக்கேற்ற மெஷின் அமைப்பு), நோயாளி பெயர் மூன்றும் தயாராக இருந்தால் நீங்கள் வேலை தெரிந்தவர் என்று அவருக்குப் புரிந்துவிடும். விளக்கைக் குறைத்துவிடுங்கள், அறை வெளிச்சமாக இருந்தால் படம் இருட்டாகத் தெரிகிறது என்று கெயினை (படத்தின் வெளிச்ச அளவை) ஏற்றுவார்கள், ஏற்றியதும் நீர்க்கட்டிக்குள்ளே இல்லாத புள்ளிகள் எல்லாம் தெரிய ஆரம்பிக்கும்.

ப்ரோப் விலை லட்சக்கணக்கில். கீழே விழுந்தால் உள்ளே கிரிஸ்டல் செத்துவிடும், படத்தின் மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடு விழும். காலையில் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள்: ஜெல் இல்லாமல் ப்ரோப்பைக் காற்றில் பிடித்தால் மேலே வரிவரியாக ஒரே சீரான கோடுகள் தெரிய வேண்டும், ஒரு பேப்பர் கிளிப்பின் முனையை ப்ரோப் முகத்தில் மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால் எந்த இடத்தில் அசைவு தெரியவில்லையோ அங்கே பழுது. ஒயரை டிராலி சக்கரத்தில் ஏற்றாதீர்கள். மெஷினின் ஃபில்டரில் தூசி அடைத்தால் சூடாகித் தானாக நின்றுவிடும், வாரம் ஒரு முறை கழற்றித் தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் ஜெல்லைத் துடைத்து, கம்பெனி சொன்ன திரவத்தால் சுத்தம் செய்ய வேண்டும். கையில் கிடைத்த ஸ்பிரிட்டை ஊற்றாதீர்கள், பல ப்ரோப்களின் ரப்பர் முகம் அதில் வெடித்துப்போகும், மேனுவலைப் பாருங்கள். உள்வழி ப்ரோப்புக்கு உறை போட்டுத்தானே எடுத்தோம் என்று துடைப்பதோடு விட்டுவிடுகிறார்கள். அது தவறு, பெரிய தவறு. உறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம். ஒவ்வொரு முறையும் உயர்நிலைக் கிருமிநீக்கம் செய்தே ஆக வேண்டும், திரவத்தில் எவ்வளவு நேரம் என்று பாட்டிலில் எழுதியிருப்பதைக் கடிகாரம் பார்த்துக் கடைப்பிடியுங்கள், பிறகு நன்றாக அலசுங்கள். கூட்டம் அதிகம் என்று நேரத்தைக் குறைக்கச் சொன்னால் இன்னொரு ப்ரோப் கேளுங்கள்.

ஜெல் பாட்டிலும் அப்படித்தான். பெரிய கேனிலிருந்து சின்ன பாட்டிலில் ஊற்றும்போது, மிச்சம் இருக்கிற பழைய ஜெல்லின் மேலேயே ஊற்றாதீர்கள். காலி செய்து, கழுவி, காயவைத்து, தேதி எழுதி நிரப்புங்கள். 2021-ல் அமெரிக்காவில் ஸ்கேன் ஜெல்லில் பர்க்ஹோல்டேரியா கிருமி கலந்து நோயாளிகளுக்கு இரத்தத்தில் தொற்று ஏற்பட்டு, அந்த ஜெல்லையே சந்தையிலிருந்து திரும்ப எடுத்தார்கள். பயாப்ஸி, நீர் எடுப்பது போன்றவற்றுக்கு ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஸ்டெரைல் ஜெல்தான்.

ரிப்போர்ட் டைப் செய்வதும் பல இடங்களில் டெக்னீஷியன் தலையில்தான் விழுகிறது. விழட்டும், நல்லதுதான், ஆனால் எண்களைப் புரிந்து டைப் செய்யுங்கள். பெரியவர்களுக்குக் கிட்னி 9 முதல் 12 சென்டிமீட்டர், பித்தநாளம் 6 மில்லிமீட்டர் வரை, மண்ணீரல் 12 சென்டிமீட்டர் வரை என்று மனதில் இருந்தால், 19.8 என்று விரல் தவறி விழுந்ததும் கண்ணில் உறுத்தும். மில்லிமீட்டரும் சென்டிமீட்டரும், வலதும் இடதும் மாறுவதுதான் அடிக்கடி நடக்கிற ஆபத்து. பழைய ரிப்போர்ட்டை காப்பி செய்து திருத்துகிற பழக்கம் வேண்டவே வேண்டாம், ஆண் நோயாளியின் ரிப்போர்ட்டில் கர்ப்பப்பை நார்மல் என்று போவது அதனால்தான்.

உங்கள் தோள்

ஸ்கேன் எடுப்பவர்களுக்குத் தோள், கழுத்து, மணிக்கட்டு வலி வருவது உலகம் முழுக்க உள்ளது. டாக்டருக்காகக் கட்டிலைச் சரிசெய்யும்போதே இதைக் கற்றுக்கொள்ளுங்கள், நாளைக்கு உங்களுக்கும் வேண்டும். கை உடம்பை விட்டு 30 டிகிரிக்கு மேல் விலகக் கூடாது, அதற்கு நோயாளியைக் கட்டிலின் ஓரத்துக்கு நகர்த்திப் படுக்க வைக்க வேண்டும், நீங்கள் எட்டிப் பிடிக்கக் கூடாது. நகரச் சொல்ல சங்கடப்பட்டு எட்டி எட்டி எடுத்துத்தான் தோளைக் கெடுத்துக்கொள்கிறார்கள். திரை கண்ணுக்கு நேராக இருக்கட்டும், ப்ரோப்பைத் தளர்வாகப் பிடியுங்கள். எக்கோவுக்குப் போகிறவர்கள் இதை முதல் நாளிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரு நோயாளிக்கே அவ்வளவு நேரம் ஆகும்.

வெளிநாடு போக நினைத்தால்

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் சோனோகிராஃபர்தான் ப்ரோப் பிடித்து முழு ஸ்கேனையும் எடுக்கிறார். அந்த வேலைக்கு இங்கே ஸ்கேன் அறையில் நின்ற அனுபவம் மட்டும் போதாது, கையால் ஸ்கேன் எடுத்த பயிற்சியும் தனித் தகுதியும் கேட்பார்கள். அமெரிக்காவில் ஏ.ஆர்.டி.எம்.எஸ். என்ற சோனோகிராஃபர் பதிவு அமைப்பின் பதிவு, அதற்கு அல்ட்ராசவுண்ட் இயற்பியலில் ஒரு தேர்வும் வயிறு, மகப்பேறு போன்ற ஒரு பிரிவில் இன்னொரு தேர்வும் எழுத வேண்டும். இயற்பியலை இங்கே இருக்கும்போதே படியுங்கள். உடல் திசுவில் ஒலியின் வேகம் நொடிக்கு 1540 மீட்டர் என்று மெஷின் வைத்துக்கொள்கிறது, அதை வைத்துத்தான் ஆழத்தைக் கணக்கிடுகிறது என்பது புரிந்துவிட்டால், கல்லுக்குப் பின்னால் ஏன் நிழல், நீர்க்கட்டிக்குப் பின்னால் ஏன் வெளிச்சம், உதரவிதானத்துக்கு மேலே ஏன் இல்லாத கல்லீரல் தெரிகிறது என்று ஒவ்வொன்றாகப் பிடிபடும். டாக்டர் நல்ல மனநிலையில் இருக்கும்போது கேளுங்கள், சொல்லித் தருகிறவர்கள்தான் அதிகம்.

வளைகுடா நாடுகளுக்கு டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு உண்டு, உங்கள் சான்றிதழ்களைக் கொடுத்த இடத்துக்கே எழுதிக் கேட்டு உறுதி செய்வார்கள். நம் ஆட்களுக்கு இதில் வருகிற பெரிய சிக்கல் இனிஷியல். மார்க் ஷீட்டில் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, அனுபவச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் என்று மூன்று விதமாக இருந்தால் மாதக்கணக்கில் இழுக்கும். வேலையை விடும்போது வாங்கும் அனுபவச் சான்றிதழில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், சேர்ந்த தேதி, விட்ட தேதி, எந்தப் பிரிவில் என்ன வேலை என்பது எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பார்த்து, இன்டர்ன்ஷிப் லாக் புக்கிலும் துறைத் தலைவரின் கையெழுத்தை அவர் மாறுதலாகிப் போவதற்குள் வாங்கிவிடுங்கள்.